முளைப்பாரியை அளந்தவர்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் ஒருத்தி பழைய முளைப்பாரிப் படம் ஒன்றைப் போட்டாள். பாவாடை சட்டையில் நாமெல்லாம் தலையில் பானையோடு வரிசையாகப் போகிறோம். அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: "கடைசில தனியா வர்றது யாருன்னு தெரியுதா? அவ அப்பாதான் முளைப்பாரி வீட்டுக்குள்ள பூந்து, ரெண்டடிப் பயிர டேப்பு வச்சு அளந்தவரு." அதற்கு நாற்பத்தொரு சிரிப்புப் பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது எங்கள் குடும்ப வழக்கம்.

நாமெல்லாம் நாற்பதை நெருங்கிவிட்டோம். பாதிப் பேர் தலையில் சாயம், மீதிப் பேருக்குச் சாயம் போட முடியே இல்லை. இன்னமும் அதே பழைய சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், நானும் இன்னமும் அதே பழைய மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் போதும். சிரித்தவர்கள் உட்கார்ந்து படியுங்கள். நீளமாகத்தான் எழுதப்போகிறேன். அதுவும் எங்கள் குடும்ப வழக்கம்தான்.

என் அப்பா ஆவுடையார்கோவிலில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். காலை எட்டு ஐம்பது பஸ்ஸில் போவார், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் திரும்புவார். இந்த இரண்டு பஸ்ஸுக்கும் வெளியே அவர் வேறு ஆள். ஒரு சிட்டிகைச் சீனியை வாசலில் வைத்துவிட்டு, எறும்பு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று கடிகாரத்தோடு குந்தியிருப்பார். பஸ் டிக்கெட்டின் எண்களைக் கூட்டி நோட்டில் எழுதுவார். செத்துப்போன டார்ச் பேட்டரியை வெயிலில் வைத்தால் இன்னும் எவ்வளவு நேரம் எரியும் என்று பார்ப்பார். பார்த்ததையெல்லாம் தன் வலைப்பூவில் எழுதுவார். அப்போது அந்தச் சொல்லே புதிது. நம்மூரில் அதைச் சொன்னால் எந்தச் சாமிக்குப் போடுகிற பூ என்று கேட்பார்கள்.

உங்கள் அப்பாக்கள் சீட்டாடினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்தவரைக்கூட, "பாவம், ஒழைக்கிற மனுசன், ஒடம்பு வலிக்கி" என்று கைத்தாங்கலாகக் கூட்டிப் போனது ஊர். எறும்பைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தவரைத்தான் "ஒரு மாதிரி" என்றது. எனக்கு அந்த வயதில் இந்த நியாயம் புரியவில்லை. இந்த வயதிலும் புரியவில்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அறந்தாங்கியில் ஒரு பிரௌசிங் சென்டரை மூடியபோது அப்பா வாங்கி, பஸ்ஸின் பின் சீட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்தார். கீபோர்டின் சாவிகளில் அப்பா தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி, மேலே ஒட்டுநாடா போட்டிருந்தார். ஆறு மாதத்தில் அதன் ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்துவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டதும் சூடான தூசி வாசம் வரும். பிறகு டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் கிடைக்கும்வரை அந்தச் சத்தம், கீச்சென்று கிளம்பி இரைச்சலாகி ஓயும். அது கிடைத்துவிட்டால் வீட்டுப் போன் யாருக்கும் கிடைக்காது.

"எங்கண்ணன் மூணு நாளா போன் போட்டுப் பாத்துருக்காக. எந்நேரமும் எங்கேஜ்டாம். யாரும் செத்தாக்கூட நமக்குச் சேதி வராது" என்பார் அம்மா.

"இந்தா, இந்த ஒரு படம் ஏறிட்டா முடிஞ்சுரும்" என்பார் அப்பா. அந்த ஒரு படம் ஏற முக்கால் மணி நேரம் ஆகும்.

வலைப்பூவுக்குப் 'புனலும் பாட்டிலும்' என்று பெயர். காரணம் எங்கள் மொட்டை மாடியில் இருந்தது. செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு பாட்டில், பாட்டில் வாயில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல். தினமும் காலை எட்டரைக்கு அப்பா மாடிக்குப் போய், பாட்டிலில் விழுந்திருக்கும் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, கணக்குப் போட்டு, இத்தனை மில்லிமீட்டர் மழை என்று எழுதுவார். மழையே பெய்யாத நாளிலும் ஏறுவார். வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரையிலும் ஏறி, காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து '0.0' என்று எழுதுவார்.

"இல்லேன்னு தெரிஞ்சுதான இருக்கு, எதுக்குப்பா ஏறுறீங்க?" என்று கேட்டேன்.

"இல்லைங்கிறதும் ஒரு அளவுதான்" என்றார்.

அந்த வருடம் அவர் எழுதியதெல்லாம் அந்தப் பூஜ்யம்தான். ஆடி போனது, ஆவணி போனது. கண்மாய் வெடித்து, வெடிப்புக்குள் நம் செருப்பு விழுந்தால் குச்சி விட்டு எடுத்தோமே, அந்த வருடம். புரட்டாசி பாதி ஆனதும் மழை வேண்டி அம்மனுக்கு முளைப்பாரி போடுவதென்று ஊர் கூடி முடிவு செய்தது. நமக்கெல்லாம் பதின்மூன்று வயது. பானை தூக்கவும் கும்மி கொட்டவும் அதுதான் சரியான வயது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் துபாயிலும் பெங்களூரிலும் வளர்கிற உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு மண்பானை. அதில் காய்ந்த எரு, அதன்மேல் ஊறவைத்த பயறும் மொச்சையும் தட்டைப்பயறும். எல்லாப் பானைகளையும் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வைத்து, சன்னலையெல்லாம் சாக்கால் அடைத்துவிடுவார்கள். பூசாரி வீட்டு அத்தை ஒருவேளைச் சாப்பாட்டோடு காவல் இருப்பார். ஆண்கள் உள்ளே போகக்கூடாது. சாயங்காலம் பெண்பிள்ளைகள் கும்மி கொட்டிவிட்டு, உள்ளே போய் அவரவர் பானைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வரலாம். ஒன்பதாம் நாள் ஊர்வலம், பிறகு தண்ணீரில் கரைப்பது. அந்த வருடம் கண்மாயில் தண்ணீர் இல்லாததால் கிணற்றில் கரைப்பது என்று பேச்சு.

எங்கள் பானைக்கு விதை ஊறவைத்த அன்று அப்பா ஒரு கை விதையை எடுத்து இன்னொரு சட்டியில் போட்டார். அதை மாடியில் புனலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரே வெத, ஒரே எரு, ஒரே தண்ணி. ஒன்னு இருட்டுல, ஒன்னு வெயில்ல. எது ஒசரமா வருதுன்னு பாப்பமே" என்றவர், என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் மர ஸ்கேலை எடுத்து என் கையில் வைத்தார். "நான் உள்ள போகக்கூடாது. நீ போறேல்ல?"

அவ்வளவுதான் நடந்தது. ஆமாம், நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். முளைப்பாரி வீட்டுக்குள் அப்பா புகவில்லை. நான் போனேன், உங்களோடுதான் போனேன். நீங்களெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது நான் என் பானைக்கு முன் மண்டியிட்டு, பாவாடை நாடாவில் செருகியிருந்த ஸ்கேலை உருவி அளந்தேன். உள்ளே எரு வாசமும் எண்ணெய் விளக்குப் புகையும் வேர்வையும் சேர்ந்து மூச்சு முட்டும். ஸ்கேலின் முனை உடைந்திருந்ததால், "ஒன்னுலேருந்து அளந்து, ஒன்னக் கழிச்சுரு" என்று அப்பா சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் நான்கு சென்டிமீட்டர். ஐந்தாம் நாள் பதின்மூன்று. மாடிச் சட்டியில் ஐந்தாம் நாள் ஆறுதான், ஆனால் பச்சைப் பசேலென்று இருந்தது. இருட்டில் வளர்ந்ததோ வெளிறிய மஞ்சள். வெளிச்சத்தைத் தேடித்தான் அது அப்படி நீளுகிறது என்று அப்பா சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அம்மன் மகிமை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கூடியதாகத்தான் தோன்றியது.

ஐந்தாம் நாள் இரவே அப்பா அதை எழுதிப் போட்டுவிட்டார். 'எங்கள் ஊர் முளைப்பாரி: ஒரு சிறு ஆய்வு'. அட்டவணையோடு. ஊரைக் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். அது தப்புத்தான், நான் மழுப்பவில்லை.

வினை சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்த சித்தப்பா, அப்பாவின் பங்காளி, அதைப் படித்துவிட்டார். கோபத்தில் அல்ல, சந்தோஷத்தில். பெருமையைச் சொல்ல எங்கள் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். எங்கள் போன் வழக்கம்போல எங்கேஜ்டு. மனசு தாங்காமல் ஊர்த்தலைவர் அம்பலத்தார் வீட்டுக்குப் போட்டுவிட்டார். "நம்மூரு முளைப்பாரி நெட்டுல வந்துருக்குண்ணே! நாலு சென்டிமீட்டரு, பதிமூணு சென்டிமீட்டருன்னு அளந்து போட்டுருக்காக! ஒலகமே பாக்குது!" என்று கத்தியிருக்கிறார். ஊரில் யாருமே படிக்காத ஒரு பக்கம், ஒரு நல்ல மனுசனின் சந்தோஷத்தால் ஊர் முழுக்கப் பரவியது.

ஏழாம் நாள் சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி, சாப்பாட்டுப் பையோடு அப்படியே வந்து நின்றார். நான் உங்களோடு கும்மி வட்டத்தில் நின்றேன். ஸ்கேல் என் இடுப்பில் இருந்தது.

"ஏந்தம்பி, ஆத்தா பயிர அளந்தது நெசமா?" என்றார் அம்பலத்தார்.

"நெசந்தாண்ணே."

"கண்ணு படக்கூடாதுன்னு சாக்கு போட்டு மூடி வச்சுருக்கோம். நீ ஒலகத்துக்கே காட்டிப்புட்ட. மாடியில என்னமோ சட்டியக் கவுத்து மழையையும் அளக்குறியாம். அளந்தா எப்புடிய்யா பெய்யும்? முந்தாநாளு கூடுன மேகம் கலைஞ்சு போச்சே, பாத்தியா?"

கூட்டத்தில் ஆமாம் போட்டார்கள். உங்கள் அப்பாக்களும்தான்.

"ஆம்பள முளைப்பாரி வீட்டுக்குள்ள போகலாமா?"

"நான் போகலைண்ணே."

"பெறகு யாரு அளந்தது?"

அப்பா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். "நீயே சொல்லிவிடேன்" என்று அந்தப் பார்வை கெஞ்சியதாக அன்று நினைத்தேன். பல வருடம் அப்படியே நினைத்து எனக்குள்ளேயே புழுங்கினேன். இப்போது எனக்கு அன்றைய அப்பாவின் வயது. பதின்மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அது கெஞ்சிய பார்வை இல்லை. "வாயைத் திறக்காதே" என்று சொன்ன பார்வை.

"எழுதுனது நான். கேக்குறதையெல்லாம் என்னையக் கேளுங்க" என்றார் அப்பா.

மூன்று தண்டனை சொன்னார் அம்பலத்தார். அம்மன் முன்னால் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுதியதை அழிக்க வேண்டும், புனலை இறக்க வேண்டும். செய்யாவிட்டால் எங்கள் பானை ஊர்வலத்தில் வராது.

"ஊரக் கேக்காம எழுதுனது தப்புத்தான். தேங்கா ஒடைக்கிறேன். ஒங்க எல்லார்ட்டயும் மன்னிப்பும் கேட்டுக்கிறேன். ஆனா அழிக்க மாட்டேன். புனல எறக்க மாட்டேன். பேஞ்சதப் பேஞ்சுச்சுன்னும் பெய்யாதத பெய்யலைன்னுந்தான எழுதுறேன்? அதுல என்னண்ணே பொய்யி?"

"அப்ப ஒம்மக பானை அங்கிட்டே கெடக்கட்டும்" என்று எழுந்துவிட்டார் அம்பலத்தார்.

என்னைக் கும்மியில் சேர்க்கவில்லை. என் இரண்டு பக்கமும் இருந்த கைகள் என்னை விட்டுவிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. யார் கைகள் என்று சொல்ல மாட்டேன். அவரவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். "ஒங்க பிளாக்க யாருப்பா படிக்கிறா?"

"பதினாலு பேரு" என்றார், கேள்வியை நிஜக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு.

"அதுல எட்டுத் தடவ பாக்குறது நீங்கதான்!"

"சரி, அப்ப ஆறு பேரு."

நான் அழுதேன். பானை தூக்க வேண்டும், உங்களோடு வரிசையில் போக வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அளந்தவள் நான்தான் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். அவர் அதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பிறகு, "ஒனக்கு அம்புட்டு வேணுமா? சரி, எறக்கிர்றேன்" என்று மாடிப்படியில் கால் வைத்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். கம்ப்யூட்டரை எந்நேரமும் திட்டுகிற, போன் கிடைக்காமல் புலம்புகிற அதே அம்மா.

"ஏங்க, நில்லுங்க. எறக்குனா என்ன அர்த்தம்? நீங்க உள்ள பூந்தது நெசம்னு அர்த்தம். நீங்க எறும்ப அளங்க, மழைய அளங்க, எனக்கென்ன. எம்புருசன் பொம்பளைக இருக்க வீட்டுக்குள்ள பூந்தாருன்னு நாளைக்கி ஒருத்தி கொழாயடில பேசுனா, நான் கொடத்த வச்சுட்டு வருவேனா? எறக்குனீங்க, இந்த வீட்ல அடுப்பெரியாது."

அப்பா படியிலிருந்து காலை எடுத்தார். அம்மா என் பக்கம் திரும்பி, இடுப்பில் செருகியிருந்த ஸ்கேலைப் பிடுங்கினார். உடைந்த முனையில் எரு காய்ந்து ஒட்டியிருந்தது. "மூணு நாளா ஒம் பாவாடையில எருக்கறைய நாந்தான தொவைக்கிறேன்" என்றார். ஸ்கேலைத் தன் முந்தானையில் துடைத்துத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் அப்பா தேங்காய் உடைத்தார், சொன்னபடி மன்னிப்பும் கேட்டார். புனல் மாடியிலேயே இருந்தது.

ஒன்பதாம் நாள் கொட்டு முழங்க ஊர்வலம் கிளம்பியது. எல்லாப் பானையும் வெளியே வந்தபிறகு அம்மா என்னை இழுத்துக்கொண்டு முளைப்பாரி வீட்டுக்குள் போனார். சாக்கு இன்னும் எடுக்கவில்லை. காலி வீட்டில், விளக்குப் பக்கத்தில், எங்கள் பானை ஒன்று மட்டும். காவல் இருந்த அத்தை எங்களைப் பார்த்தார். தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்குத் திரியைத் தூண்டினார்.

நான் பானையைத் தூக்கக் குனிந்தேன்.

"அளக்கலையா? அப்பா கேப்பாகள்ல?" என்றார் அம்மா.

அளந்தேன். ஒரு ஸ்கேல் போதவில்லை, இரண்டு தடவை வைத்தும் கொஞ்சம் மிஞ்சியது. உடைந்த முனைக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்தேன். முப்பத்தொன்று. ஊரிலேயே உயரம் என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களில் இரண்டு பேர் பானை அதைவிட உயரம்.

பிறகு தலையில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்துக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். அம்மா எனக்குப் பின்னால் வந்தார், அதனால்தான் படத்தில் விழவில்லை. அம்பலத்தார் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். முன்னால் போனவர்களெல்லாம் குலவையிட்டார்கள். எங்களுக்குக் குலவையிட யாருமில்லாததால் அம்மா தனியாகவே இட்டார், சத்தமாக.

பதினோரு நாள் கழித்து மழை பெய்தது. கும்பிட்டதால் பெய்தது என்றார்கள் சிலர், ஐப்பசி என்பதால் பெய்தது என்றார்கள் சிலர். மறுநாள் எட்டரைக்கு அப்பா சிரிஞ்சோடு மாடியில் நின்றபோது அம்பலத்தார் வீட்டு ஆள் ஒருவர் கீழே சைக்கிளை நிறுத்தி, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எம்புட்டுப் பேஞ்சுச்சாம்? ஐயா கேட்டுட்டு வரச் சொன்னாக."

"அம்பத்திரண்டு மில்லிமீட்டரு" என்று அப்பா மாடியிலிருந்து தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சைக்கிள் வந்தது. இதை யாராவது குழுவில் எழுதினீர்களா? இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சுங்குடி உறை என்னிடம் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், இன்னும் எட்டரைக்கு மாடி ஏறுகிறார். முழங்கால் வலியால் ஒரு படிக்கு எத்தனை நொடி ஆகிறது என்று இப்போது அதையும் எழுதுகிறார். உங்கள் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்தபிறகு நான் அந்தப் பழைய பதிவைத் தேடிப் படித்தேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கிறது. அட்டவணையின் கடைசி வரிக்குக் கீழே, ஒன்பதாம் நாள் இரவு அவர் சேர்த்திருந்த ஒரு குறிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்: 'அளந்தவர் பெயர் தேவையில்லை. அளவில் எனக்குச் சந்தேகமில்லை.'

குழுவில் வந்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ரெண்டடின்னா போட்டுருக்காக? தப்பாச்சே" என்றார். அவருக்கு வலித்தது அது ஒன்றுதான்.

அதனால் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசியில் தனியாக வருகிறவளின் இடுப்பில், பாவாடை நாடாவில் பழுப்பாக ஒன்று செருகியிருக்கிறது, தெரிகிறதா? அது டேப்பு இல்லை, முனை உடைந்த மர ஸ்கேல். அளந்தது நான். முப்பத்தொரு சென்டிமீட்டர்.